சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு கிருமி

பெரியப்பா ராத்திரியில் ஐந்து முறை எழுந்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, பெரியம்மா. "லைட்டைப் போடறார், அணைக்கறார், போடறார், அணைக்கறார்... கலங்கரை விளக்கத்துக்கு அடியில படுத்திருக்கற மாதிரி இருக்குடா" என்று போனில் என்னிடம் புகார் கொடுத்தாள்.

பெரியப்பாவுக்கு 69 வயசு. ஒரு மில்லில் ஹெட் அக்கவுன்டன்ட்டாக இருந்து ரிடையரானவர். இன்றைக்கும் பால் கணக்கை டபுள் என்ட்ரியில் எழுதுகிறவர். நான் பி.காம். சேர்ந்ததற்கு அவர்தான் காரணம். மூன்றே வருஷத்தில் வெளியே வந்ததற்கும் அவரே காரணம். ஆகவே, அவரை யூராலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் பேப்பரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மேலே சிறுநீர்ப்பை. அதற்குக் கீழே அக்ரூட் பருப்பு சைஸில் ஒரு சுரப்பி, ப்ராஸ்டேட். அதன் நட்டநடுவே குழாய் ஓடுகிறது. வயசானால் சுரப்பி பருக்கும், குழாய் நசுங்கும், ராத்திரி லைட் எரியும். "இது வேற, கான்ஸர் வேற. கான்ஸர் ஆரம்பத்துல சத்தமே போடாது. எதுக்கும் ஒரு பி.எஸ்.ஏ. பார்த்துடலாம்" என்றார்.

டாக்டர்கள் 'எதுக்கும்' என்று ஆரம்பித்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

பி.எஸ்.ஏ. என்பது ப்ராஸ்டேட் தயாரித்து ரத்தத்தில் கசியவிடும் ஒரு புரதம். பொதுவாக 4-க்கு மேல் போனால் டாக்டரின் புருவம் உயரும். பெரியப்பாவுக்கு 7.1. அப்புறம் ஸ்கேன். அப்புறம் ஊசியை விட்டு பன்னிரண்டு துணுக்கு திசு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. இரண்டு துணுக்குகளில் கான்ஸர். க்ளீசன் ஸ்கோர் 3+3=6.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார். அதற்கப்புறம் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "கான்ஸர்தான். ஆனா இருக்கறதுலயே சாது இதுதான். ஸ்கோர் 10 வரைக்கும் போகும், உங்களுது 6. இப்ப ஆப்பரேஷன் வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ. பார்ப்போம். நடுவுல ஒரு தடவை மறுபடி திசு எடுப்போம். கண்காணிப்புல வெச்சுக்கலாம்."

ஆட்டோவில் வரும்போது பெரியப்பா பொறுமை இழந்தார். "ஏன்டா, திருடன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்ங்கறார். சரி, அவன் என்ன பண்றான்னு ஆறு மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்க்கலாம்ங்கறார். இதைச் சொல்ல ஒரு ஃபீஸ்!"

அடுத்த வாரம் அவருடைய வாக்கிங் கோஷ்டியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. 'ப்ராஸ்டேட் கான்ஸருக்குக் காரணம் பாக்டீரியா! லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு! ஆப்பரேஷன் தேவையில்லை! ஆன்டிபயாடிக் போதும்! மருந்து கம்பெனிகள் மறைக்கும் ரகசியம்!' (ஆன்டிபயாடிக்கை யார் விற்கிறார்களாம்? கீரைக்காரியா?)

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், தெருமுனை மெடிக்கல்ல கேட்டா சீட்டு இல்லாமலே தருவான். நல்ல ஸ்ட்ராங்கா ரெண்டு கோர்ஸ் வாங்கிட்டு வந்துடு. டாக்டருக்குத் தெரிய வேண்டாம். அந்த ஆறு மாச டெஸ்ட்டையும் கேன்சல் பண்ணிடலாம்."

"பெரியப்பா, ஒரு வாரம் டைம் குடுங்க. வவுச்சரைப் பார்க்காம பேமென்ட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அந்த ஒரு வார்த்தைக்கு அடங்கினார்.

ஆக, பி.காம். படித்தவன் கையில் பாக்டீரியா கிடைத்தால் என்ன செய்வான்? ஆடிட்தான்.

முதல் வவுச்சர் உண்மையிலேயே இருந்தது. என்ன, லண்டன் இல்லை. லண்டனிலிருந்து சுமார் நூறு மைல் தள்ளி, நாரிச் என்ற ஊர். அங்கே கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் காலின் கூப்பர் என்ற பேராசிரியரின் குழு 600-க்கும் மேற்பட்ட ஆண்களின் சிறுநீரையும் ப்ராஸ்டேட் திசுவையும் அலசி 2022-ல் முடிவுகளை வெளியிட்டது. ஆக்ஸிஜனே இல்லாமல் வாழக்கூடிய ஐந்து வகை பாக்டீரியாக்கள் அகப்பட்டன. இவற்றில் ஒன்றாவது இருந்த ஆண்களுக்கு, ஆரம்ப நிலைக் கான்ஸர் முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

புதிய வகைகளும் கிடைத்தன. அவற்றில் இரண்டுக்கு, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அமைப்புகளின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒன்றின் பெயர் போர்ஃபைரோமோனாஸ் பாபியை. பாப் சாம்பியன் என்ற குதிரை ஜாக்கி, விரைக் கான்ஸரிலிருந்து மீண்டு 1981-ல் கிராண்ட் நேஷனல் ரேஸ் ஜெயித்தவர்; அவர் பெயரில் உள்ள டிரஸ்டுக்கு நன்றிக்கடன். நம் ஊரில் டொனேஷன் கொடுத்தால் ட்யூப் லைட்டில் பெயர் எழுதுவார்கள், வெளிச்சம் பாதி வரும். அங்கே கிருமியின் மேல் எழுதிவிட்டார்கள்!

சரி, வாட்ஸ்அப் சொன்னது நிஜம்தானா? இங்கேதான் ஆடிட்டர் கண்ணாடியைப் போட வேண்டும். நாரிச்காரர்கள் சொன்னது, 'மோசமான கான்ஸர் இருக்கும் இடத்தில் இந்தக் கிருமிகளும் இருக்கின்றன' என்பது. 'இவைதான் அதை உண்டாக்கின' என்று அவர்கள் சொல்லவில்லை. கான்ஸர் கட்டியின் உள்ளே ஆக்ஸிஜன் வரத்து குறைவு. ஆக்ஸிஜனே பிடிக்காத கிருமிக்கு அதைவிட வசதியான வாடகை வீடு எங்கே கிடைக்கும்? கட்டி வந்த பிறகு குடி வந்திருக்கலாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகளில் ஆடிட்டர்கள் கூட்டம் அதிகமாகத் தென்படுகிறது என்பதற்காக, ஆடிட்டர்கள்தான் நஷ்டத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியுமா? (சில கேஸ்களில் சொல்லலாம். அது வேறு கட்டுரை.)

ஆனால், இதைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. காரணம், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் நடந்த ஒரு கதை. வயிற்றுப்புண்ணுக்குக் காரம், கவலை, ஆபீஸ் மேனேஜர் ஆகிய மூன்றும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், "இல்லை, ஒரு சுருள் பாக்டீரியா" என்றார்கள். வயிற்றின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். லேபிலும் அது வளரவில்லை. 1982-ல் ஈஸ்டர் லீவு வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் தூக்கியெறியும் தட்டுகள் நாலைந்து நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், வளர்ந்திருந்தது! லீவு எடுப்பதால் உலகத்துக்கு நன்மை உண்டு என்பதற்கு மேனேஜரிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே கலக்கிக் குடித்து, வயிறு கெட்டு, வாந்தி எடுத்து நிரூபித்தார். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கான்ஸர் ஆராய்ச்சி அமைப்பு அந்தக் கிருமியை, மனிதனுக்குக் கான்ஸர் வரவழைப்பவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

அதே 2005-ல், அதே பெர்த்தில், ரொனால்ட் கோஹன் என்பவரின் குழு இன்னொரு விஷயத்தை எழுதியது. ஆப்பரேஷனில் எடுத்த ப்ராஸ்டேட்களைக் கிருமி வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்த்தபோது, சுமார் மூன்றில் ஒரு பங்கில் ஒரே ஆசாமி வளர்ந்தான். ஆசாமி யார் தெரியுமா? உங்களுக்குப் பழக்கமானவன்தான். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவுக்கு முதல் நாள் உங்கள் மூக்கு நுனியில் பருவாக வந்து உட்கார்ந்தானே, அவனேதான். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். முகப்பருக் கிருமி! பதினாறு வயசில் மூக்கில் குடியிருந்தவன், அறுபது வயசில் கீழ்வீட்டுக்கு ஷிஃப்ட் ஆகிவிட்டானா?

எலியின் ப்ராஸ்டேட்டில் அவனைச் செலுத்திப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் அங்கேயே தங்கி, திசுவைப் புகைய வைத்தான். அந்தப் புகைச்சலுக்கு வைத்தியத் தமிழில் அழற்சி என்று பெயர். அழற்சிக்கும் கான்ஸருக்கும் என்ன சம்பந்தம் என்றால், 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆஞ்செலோ டி மார்ஸோவும் சகாக்களும் அதற்கு ஒரு பாதை போட்டுக் காட்டினார்கள். நாள்பட்ட அழற்சி உள்ள இடத்தில் சுரப்பி சுருங்கிப்போகிறது. ஆனால், அங்கே உள்ள செல்கள் சேதத்தை ரிப்பேர் செய்ய அவசர அவசரமாகப் பெருகுகின்றன. மார்ச் 31-ந் தேதி ராத்திரி கணக்கு எழுதுகிற மாதிரி. அவசரத்தில் எழுதினால் என்ன ஆகும்? பிழை விழும். செல்லில் பிழை என்றால் டி.என்.ஏ.வில் பிழை.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2021-ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்த ஒரு கட்டுரை. ஆப்பரேஷன் சமயத்தில் ப்ராஸ்டேட்டில் பாக்டீரியா தொற்று இருந்த சில அபூர்வமான கேஸ்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சுரப்பியை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தார்கள். ப்ராஸ்டேட் கான்ஸர்களில் பாதி வரைக்கும் காணப்படுகிற ஒரு ஜீன் கோளாறு உண்டு. சம்பந்தமில்லாத இரண்டு ஜீன்கள் உடைந்து ஒட்டிக்கொள்வது. அந்தக் கோளாறு, பார்வைக்கு இன்னும் கான்ஸராகாத இடங்களில், ஒரே சுரப்பிக்குள் எட்டு இடம் வரை தனித்தனியாக முளைத்திருந்தது. சில ஈ.கோலி பாக்டீரியாக்கள் கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கின்றன. கத்தரிக்கோல் மாதிரி டி.என்.ஏ.வை வெட்டும் சாமான். அதைத்தான் சந்தேகிக்கிறார்கள். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. ஆனால், உடைந்த பூட்டுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தான்.

இவ்வளவு சாட்சி இருந்தும் ஏன் தீர்ப்பு எழுதவில்லை? ஏற்கெனவே தவறான ஆளைத் தூக்கில் போடப் பார்த்த அனுபவம் இருக்கிறது, சார்.

2006-ல் க்ளீவ்லாண்டும் ஸான் பிரான்சிஸ்கோவும் சேர்ந்து, ப்ராஸ்டேட் கான்ஸர் திசுவில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்று ஒரு புத்தம்புது வைரஸைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். ஒரே பரபரப்பு. வருஷக்கணக்கில் லேப் லேபாகத் தேடினார்கள். சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. 2011-ல் குட்டு வெளிப்பட்டது. 1990-களில் ஒரு மனிதக் கட்டியை ஆராய்ச்சிக்காக எலிகளுக்குள் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த எலிகளிடமிருந்த இரண்டு வைரஸ் துண்டுகள் அப்போது ஒன்றாகச் சேர்ந்து பிறந்ததுதான் இந்தப் புது வைரஸ். அந்தக் கட்டியிலிருந்து வந்த செல்கள் லேப்களுக்குப் போக, வைரஸும் கூடவே போய், மற்ற திசுக்களில் ஒட்டிக்கொண்டது. ஆசாமிகள் யாருக்கும் அது இல்லவே இல்லை. 2012-ல் முதல் கட்டுரையையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். வேறொரு கம்பெனியின் வவுச்சரை நம் லெட்ஜரில் போஸ்ட் செய்துவிட்டு, ஆறு வருஷம் 'டேலி ஆகலையே' என்று தலையைப் பிய்த்துக்கொண்ட கதை!

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு வகைக் கான்ஸருக்கும் ஒவ்வொரு பாக்டீரியாக் கையெழுத்து உண்டு என்று 2020-ல் 'நேச்சர்' இதழில் அமர்க்களமாக ஒரு கட்டுரை வந்தது. 2023-ல் அதைக் குடைந்து பார்த்தவர்கள், மனித டி.என்.ஏ.வையே பாக்டீரியா என்று எண்ணிவிட்டார்கள், கணக்கு போட்ட முறையே தப்பு என்று காட்டினார்கள். இறால் வகையறாவுக்கு வருகிற வைரஸ் எல்லாம் மனிதக் கட்டியின் அடையாளமாக அந்தப் பட்டியலில் இருந்தது. 2024-ல் அதுவும் வாபஸ். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், தப்பைப் பிடித்தவர்களில் நாரிச் கோஷ்டியும் உண்டு. கூப்பரும் உண்டு. பாக்டீரியாவைத் தேடுகிறவரே, 'இந்த பாக்டீரியா போலி' என்று கை காட்டுகிறார். இந்த மாதிரி ஆட்களின் கையெழுத்து இருந்தால் பேலன்ஸ் ஷீட்டை நம்பிப் படிக்கலாம்.

நம் முகப்பரு ஆசாமி மேல் உள்ள சந்தேகமும் இதே ரகம்தான். அவன் எல்லோர் தோலிலும் இருக்கிறான். டாக்டரின் தோலில், நர்ஸின் தோலில், லேப் பையனின் கழுத்தில். கொஞ்சம் அசந்தால் தட்டில் விழுந்துவிடுவான். திசு எடுக்கும் ஊசியோ பல இடங்களில் ஆசனவாய் வழியாகத்தான் போகிறது. கிருமிகளின் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக ஊசியைக் கொண்டுபோய்விட்டு, 'உள்ளே கிருமி இருந்தது' என்று சத்தியம் செய்வது கஷ்டம்.

மார்ஷல் மாதிரி யாராவது குடித்துக் காட்டலாமே என்றால், அதுவும் நடக்காது. வயிறு ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடும். ப்ராஸ்டேட் கான்ஸர் இருபது, முப்பது வருஷம் யோசித்துப் பதில் சொல்கிற பேர்வழி. கான்ஸரில் பொறுமை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1966 நோபல் பரிசைப் பார்க்கலாம். அதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ், ப்ராஸ்டேட் கான்ஸர் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று காட்டியவர். மற்றவர் பெய்டன் ரூஸ். கோழியின் கட்டிக்குக் காரணம் ஒரு தொற்றுப் பொருள் என்று 1911-ல் சொன்னவர். பரிசு வாங்கும்போது அவருக்கு வயசு 87. பென்ஷன் அரியர்ஸுக்காக அலைகிறவர்கள் மனம் தளர வேண்டாம்.

இதெல்லாம் சரி, பெரியப்பாவுக்கு என்ன பதில்?

உண்மையில் பெரியப்பா மாதிரி ஆட்களுக்குத்தான் இந்த பாக்டீரியா விவகாரம் முக்கியம். வயசான ஆண்களின் ப்ராஸ்டேட்டில் வருகிற கான்ஸர்களில் ஏராளமானவை பல்லி. சுவரோரமாக இருந்துவிட்டுப் போகும். வீட்டுக்காரர் வேறு எதிலாவது போய்ச் சேர்வார். சில மட்டும் முதலை. தொல்லை என்னவென்றால், குஞ்சாக இருக்கும்போது இரண்டும் ஒரே ஜாடை. பல்லியை அடிக்க பீரங்கி எடுத்தால் சுவர் போய்விடும். சிறுநீர் ஒழுகுவது, தாம்பத்தியம் போவது எல்லாம் அந்தச் சுவர். பிரிட்டனில் 1,643 பேரை ஆப்பரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 வருஷம் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. மூன்று கோஷ்டியிலும் ப்ராஸ்டேட் கான்ஸரால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். கண்காணிப்பு கோஷ்டியில் கான்ஸர் பரவியது என்னவோ மற்றவர்களைவிட இரண்டு மடங்குதான். ஆனால், இத்தனை வருஷத்தில் சாவுக் கணக்கு மாறவில்லை.

அந்த மூன்று பேர் யார் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு டெஸ்ட் கிடைத்தால்? சிறுநீரில் அந்த ஐந்து கிருமிகளைத் தேடி, 'இது முதலை' என்று சொல்ல முடிந்தால்? நாரிச்காரர்களின் குறி அங்கேதான் இருக்கிறது. அந்த டெஸ்ட் இன்னும் தெருமுனை லேபுக்கு வரவில்லை.

ஆன்டிபயாடிக்? வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2013-லேயே தன் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. கான்ஸரை அது கரைக்கும் என்பதற்கு வவுச்சரே கிடையாது. சும்மா தின்று வைத்தால், நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது மருந்துக்கு மசியாத கிருமிதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்ப அந்த பாக்டீரியாவை டெபிட்ல வைக்கறதா, கிரெடிட்லயா?" என்றார்.

"இப்போதைக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல, பெரியப்பா."

முகம் முதல்முறையாக மலர்ந்தது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது, மிச்சத்தை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு, காரணம் தெரியும்வரை விடாமல் தேடுவது அவர் முப்பத்தைந்து வருஷம் செய்த வேலை. "அதைச் சொல்லேன் முன்னாடியே! சஸ்பென்ஸ்ல போட்டா மறந்துட்டோம்னு அர்த்தம் இல்லடா. மாசா மாசம் எடுத்துப் பார்க்கணும். இந்த டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவைங்கறான். சோம்பேறி!" திருடன் கதையை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

போன வாரம் அந்த ஆறு மாச டெஸ்ட்டுக்குப் போனோம். காத்திருந்த நேரத்தில் இரண்டு தடவை பாத்ரூம் போனார். ரிசல்ட் 6.8. வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தேதி, தொகை, விவரம் என்று கோடு போட்டு வைத்திருந்தார். 7.1-க்குக் கீழே 6.8 என்று பென்சிலால் எழுதினார்.

"பேனா வேணுமா பெரியப்பா?"

"வேண்டாம்டா. சஸ்பென்ஸ் ஐட்டத்தை இங்க்ல எழுதற பழக்கம் எனக்கில்லை" என்று சொல்லிவிட்டு லைட்டைப் போட எழுந்து போனார்.